பிடியரிசி

ஜூலை 8, ஞாயிறு

உபதேசியார் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. குருத்துவப் படிப்புக்கு அனுப்ப எங்கள் வட்டாரத்திலிருந்து தேர்ந்தவர்களில் இவரும் ஒருவர். ஆராதனை முடிந்ததும் ஐயர் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். (எங்கள் குருவானவரை ஊரில் ஐயர் என்றுதான் சொல்வோம்.) இந்த மனிதர் அதை என்னிடம் எப்போது சொன்னார்? மத்தியானம், குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு, அதோடு சேர்த்து, போகிற போக்கில். கல்யாணமான நாளிலிருந்து நான் காத்துக்கிடக்கிற செய்தி. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். "அழாத மலரு, இன்னும் ஒரு பரீட்சை இருக்கு" என்றார்.

உபதேசியார் என்று எழுதுவது என் வீட்டுக்காரர் அருமைநாயகத்தைத்தான். தயாபுரத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கோயில் மணி அடிப்பது, ஜெபக்கூட்டம் நடத்துவது, ஐயர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்வது எல்லாம் அவர் வேலை. இந்த வீடு சபை கொடுத்த வீடு. நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடமும் சபையுடையது.

பரீட்சை என்றது ஒரு பேச்சு. அடுத்த மாதம் வட்டார வாலிபர் கூட்டத்தில் இவர் பேச வேண்டும். தேர்வுக் கமிட்டி வந்து உட்கார்ந்து கேட்கும். தலைப்பை ஐயரே கொடுத்திருக்கிறார்: ஆதிச் சபையாராகிய முதல் கிறிஸ்தவர்கள் ஆஸ்திகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்தது கம்யூனிசமா? இந்தத் தலைப்பு ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. பீடிச் சங்கத்துக்காரர்கள் பஸ் நிறுத்தத்தில் சிவப்புக் கொடி நட்டிருக்கிறார்கள். நம் சபை வாலிபர்கள் அதன் நிழலில் நின்றுதான் அரட்டை அடிக்கிறார்கள்.

ஜூலை 11, புதன்

வேலைநிறுத்தம் ஆரம்பித்துவிட்டது. பீடிக் கடை ஏஜெண்டு ஜெபசிங் அண்ணாச்சி, பெண்கள் சுற்றிக் கொடுக்கும் பீடியில் இது சொத்தை, அது சொத்தை என்று கழித்துப் போடுகிறார். கழித்ததைத் திருப்பியும் கொடுப்பதில்லை. அதைத் தனியாக விற்றுக்கொள்கிறார் என்று பேச்சு. கழித்த பீடியை எங்கள் கண் முன்னால் ஒடித்துப் போடு என்பதுதான் சங்கத்தின் கோரிக்கை. இதில் கம்யூனிசம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அண்ணாச்சி எங்கள் சபைக் கமிட்டி மெம்பர். சங்கத்தை முன்னால் நின்று நடத்துகிறவள் மேலத் தெரு மாடத்தி. அவர்கள் சாமி வேறு. ஆனால் சுற்றுகிற கைகளில் பாதி எங்கள் சபைக் கைகள்தான்.

ஜூலை 15, ஞாயிறு

இன்று பிடியரிசி கொட்டினோம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கு என்று தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை பையில் கொண்டு வந்து கோயில் அறையில் இருக்கும் டிரம்மில் கொட்டுவது இங்கே பெண்களின் வழக்கம். நான் பெண்கள் சங்கச் செயலாளர். அறைச் சாவி என் பொறுப்பு.

அந்த அரிசியைப் பார்க்க வேண்டும். சிவப்பு, வெள்ளை, புழுங்கல், பச்சை, ரேஷன், குருணை என்று எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். உலையில் போட்டால் ஒன்று குழையும்போது இன்னொன்று விறைத்து நிற்கும். அதனால் சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்குக்கூட இதைச் சேர்ப்பதில்லை. வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுவார்கள். ஜெபசிங் அண்ணாச்சிதான் எடுப்பார், அவருடைய கோழிப் பண்ணைக்கு.

ஜூலை 19, வியாழன்

பேச்சை இவர் சொல்லச் சொல்ல நான் நல்லபடியாக எழுதித் தருகிறேன். இவர் கையெழுத்தைக் கமிட்டி பார்த்தால் அங்கேயே பெயரை அடித்துவிடுவார்கள்.

சாரம் இதுதான். ஆதிச் சபையில் யாரும் பிடுங்கவில்லை, மனமுவந்து கொடுத்தார்கள். நிலத்தை விற்றுவிட்டு ஒரு பங்கை ஒளித்து வைத்தார்களே ஒரு புருஷனும் பெண்சாதியும், அவர்களிடம் அப்போஸ்தலர், அது உன்னிடம் இருந்தவரை உன்னுடையதுதானே என்று கேட்கிறார். ஆகவே சொந்தச் சொத்து பாவமில்லை, பொய்தான் பாவம். முதலில் புருஷன் பொய் சொல்லி விழுந்து செத்தான். நடந்தது தெரியாமல் பின்னால் வந்த பெண்சாதியைத் தனியாகக் கேட்டார்கள், அவளும் அதே பொய்யைச் சொல்லிச் செத்தாள். மேலும், பொதுவில் வைத்தது விசுவாசிகளுக்குள்ளே மட்டும்தான், உலகத்தார் எல்லாருக்கும் அல்ல.

"அதே ஆதிச் சபையில, பந்தியில எங்க விதவைகளைக் கவனிக்கலைன்னு ஒரு கூட்டம் முறுமுறுத்துச்சே, அதை எங்க காணும்?" என்று கேட்டேன்.

"அது அடுத்தாப்புல வாரது."

"அடுத்தாப்புல வந்தா வேதம் இல்லையா?"

"மலரு, எனக்கு ஐயராகணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் பயந்தாங்கொள்ளி. கட்டிய நாளிலேயே தெரியும். ஜெபசிங் அண்ணாச்சி எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிற ஆள்.

ஜூலை 22, ஞாயிறு

பிடியரிசி கொட்டும்போது தாயம்மாள் எனக்கு முன்னால் நின்றாள். பீடி சுற்றுகிறவள், இரண்டு பிள்ளைகள், புருஷன் கிடையாது. பையை டிரம்முக்குள் ஆழமாக விட்டுக் கவிழ்த்து உதறினாள். ஒரு மணி அரிசி விழவில்லை. வெறும் பை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தலை குனிந்து வழக்கம்போல ஜெபம் செய்துவிட்டுப் போனாள்.

நானும் பார்க்காதது போல என் பையைக் கவிழ்த்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். ஆனால் ருசிக்கவில்லை.

ஜூலை 25, புதன்

சபைக் கமிட்டியில் எழுந்து கேட்டேவிட்டேன். டிரம்மில் கிடக்கிற அரிசியை வேலைநிறுத்த வீடுகளுக்குக் கொடுத்தால் என்ன?

"சாமிக்குக் குடுத்த அரிசி டீச்சர்" என்றார் ஜெபசிங் அண்ணாச்சி. "அதைப் போராட்டத்துக்குப் போட்டா சபை கட்சியாயிரும். பெறகு கோயில்லயும் கொடி நடுவாவ."

"சாமி அரிசிய கோழி தின்னலாமாக்கும்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஐயர் சிரிக்கவில்லை. ஐயர் கெட்டவர் அல்ல, ஆனால் சண்டை என்றால் அவருக்கு ஆகாது. காணிக்கையை ஏலத்துக்கு முன்னால் யாரும் தொடக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

என் உபதேசியார் என்ன செய்தார்? தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 27, வெள்ளி

டிரம்முக்குள் எலி புகுந்திருக்கிறது போலிருக்கிறது. தாயம்மாள் வீட்டில் இன்று அடுப்பு புகைந்தது. நல்லது.

ஜூலை 30, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மாடத்தி எதிரே வந்தாள். நேராகக் கேட்கவில்லை.

"டீச்சரம்மா, உங்க ஆதிக்காலத்துல எல்லாரும் ஒரே பானையில சாப்புட்டாவளாமே? சங்கத்துல சொன்னாவ. அப்பம் உங்க அப்போஸ்தலரு எங்க கட்சிதானா?" என்று கேலியாக ஆரம்பித்தாள். பிறகு சத்தத்தைக் குறைத்து, "கோயில்ல அரிசி கெடக்குன்னு நம்ம பொம்பளையள் பேசிக்கிட்டாவ" என்றாள். அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"அது சபை அரிசி மாடத்தி. சபைக்காரங்க குடுத்தது" என்றேன்.

"சரி டீச்சரம்மா."

கோபித்துக்கொள்ளவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். நான் என்ன செய்ய முடியும்? கொடுத்தவர்கள் வீட்டுக்கே திரும்பிப் போனால் அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். மற்றவர்களுக்கு என்றால் என்ன சொல்வது? எலிக்கும் ஒரு எல்லை வேண்டும் இல்லையா. இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, வெள்ளி

எலி விஷயம் எனக்கே பிடிபடவில்லை. நான் நினைத்ததைவிட டிரம் அதிகமாக இறங்கியிருக்கிறது. நிஜமாகவே எலி வந்துவிட்டதா? சாவியும் நான் மாட்டாத ஆணியில் தொங்குகிறது. எனக்குத்தான் மறதி கூடிவிட்டது.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

உபதேசியார் சாயங்காலம் மேலத் தெருப் பக்கம் யாரோ நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று புறப்பட்டார். நோயாளிக்கு ஏதோ கொண்டுபோகிறார் போல, கேரியரில் ஒரு சாக்கு; சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டு போனார். கேட்டால் பஞ்சர் என்றார். திரும்பும்போது ஜம்மென்று ஏறி மிதித்து வந்தார். அதற்குள் யார் ஒட்டிக் கொடுத்தார்கள்? கேட்கலாம் என்று நினைத்தேன், பால் பொங்கிவிட்டது.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

பேச்சு முடிந்தது. கமிட்டிக்காரர்கள் கை கொடுத்தார்கள். விசுவாசிகளுக்குள்ளே மட்டும் என்று நான் எழுதிக் கொடுத்த இடத்தில் இவர் தாளைக் கீழே வைத்தார். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். ஜெபசிங் அண்ணாச்சி வந்து, "கைமுதலை வித்துத் தின்னதுனாலதான் பின்னால ஆதிச் சபை பஞ்சத்துல கையேந்துச்சுன்னு ஒரு போடு போட்டியே, அது பேச்சு" என்று முதுகில் தட்டினார். ஐயருக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "ஏங்க, ஜெயிச்சாச்சு" என்றேன். "ம்" என்றார்.

ஆகஸ்ட் 15, புதன்

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தோம். நிறையப் பிள்ளைகள் தின்னாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். வீட்டில் தம்பி தங்கை இருக்கிறார்களாம்.

ஆகஸ்ட் 18, சனி

குடி கெட்டது. பேச்சுவார்த்தைக்காக ஜெபசிங் அண்ணாச்சி மாடத்தி வீட்டுக்குப் போயிருக்கிறார். அவள் பிள்ளைகள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தட்டில் சிவப்பும் வெள்ளையும் குருணையும், பாதி குழைந்தும் பாதி விறைத்தும். வருஷா வருஷம் அந்த அரிசியை அள்ளிப் பார்த்த மனிதருக்குத் தெரியாதா? இப்படிக் கலந்த அரிசியை எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள். நேரே ஐயரிடம் போய்விட்டார். நாளைக்கு விசாரணை.

ஆனால் மாடத்திக்கு எப்படிப் போனது? நான் கொடுக்கவில்லையே.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

இதுவரை எலி என்று எழுதியதெல்லாம் நான்தான். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தாயம்மாள் வீட்டுக்கும், இன்னும் சில சபை வீடுகளுக்கும் பள்ளிக்கூடப் பையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்காக வருத்தப்படவில்லை.

விசாரணையை ஆராதனை முடிந்ததும் கோயில் அறையில் வைத்தார்கள். முதலில் இவரைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: இவர் பெயர் பட்டியலிலிருந்து போய்விடக் கூடாது. நான் செய்தது என் தலையோடு போகட்டும். இவரைப் பின்பக்கக் கதவு வழியாக அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்சாதியைக் கூப்பிட்டது போலத்தான், உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமல் போனேன்.

"மாடத்திக்கு அரிசி குடுத்தது யாரு டீச்சர்?" என்று ஜெபசிங் அண்ணாச்சி கேட்டார்.

"நம்ம சபை வீடுகளுக்கு நான் குடுத்தேன். அவுக யாராவது மாடத்திக்குப் பங்கு குடுத்திருப்பாவ. உபதேசியாருக்கு ஒண்ணும் தெரியாது."

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரும் இதையேதான் சொன்னார். தானே எடுத்துக் கொடுத்தாராம். டீச்சருக்கு ஒன்றும் தெரியாது என்றார்."

இந்தப் பயந்தாங்கொள்ளி மனிதர், எனக்காக, ஐயர் முன்னால் பொய் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில், அந்த நேரத்தில், எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

ஐயர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பேர் சொல்றதும் உண்மையா இருக்க முடியாது. பெண்கள் சங்கத்துத் தப்பு என்றால் செயலாளரை மாற்றிவிட்டு முடித்துவிடலாம். ஊழியக்காரர் கை வைத்தார் என்றால் பட்டியலில் பெயர் நிற்காது, இந்த வேலையும் நிற்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களைக் காப்பாற்றத்தானே அப்படிச் சொன்னார்?"

"ஆமா ஐயா. அவர் சொன்னது பொய்."

"அதானே பாத்தேன். அந்த ஆளுக்கு ஏது அம்புட்டுத் தைரியம்?" என்று ஜெபசிங் அண்ணாச்சி சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு கமிட்டி முன்னால் இவர் வந்து, மனைவிக்காகப் பொய் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

ஆகஸ்ட் 20, திங்கள்

நடந்ததைச் சொன்னேன். மெச்சுவார் என்று நினைத்தேன். தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 22, புதன்

தண்ணீர்க் குழாயடியில் மாடத்தி. என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"டீச்சரம்மா, எங்களால உங்க வீட்டுக்காரவுகளுக்கு இப்படி ஆயிட்டே. அவுக எங்க தெருவுக்கு வரும்போதே நான் சொன்னேன், வேண்டாம் சாமி, ஒங்க ஆளுவ ஏசுவாவன்னு. கேக்கலயே. மூட்டைய கேரியர்ல வச்சித் தள்ளிக்கிட்டே வந்து, வீட்டுக்கு வீடு அவுக கையாலயே அளந்து போட்டாவ."

நான் குடத்தை எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. நான் என் ஆட்களுக்கு மட்டும் கொடுத்தேன். உலகத்தாருக்கு அல்ல என்று மேடை ஏறிப் பேசிய மனிதர் மேலத் தெரு முழுக்கக் கொடுத்திருக்கிறார். ஒரே டிரம், ஒரே சாவி, ஒரே வீடு. அவர் உண்மையைச் சொன்னார். நான் கமிட்டி முன்னால் நின்று அவரைப் பொய்யர் என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

ஆகஸ்ட் 23, வியாழன்

கேட்டேவிட்டேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

இவர் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "மாடத்தி உங்கிட்ட வந்தா, நீ சபை அரிசின்னு சொல்லி அனுப்பிட்ட. அவ எங்கிட்ட வந்து சொன்னா. உங்கிட்ட என்னன்னு சொல்ல?"

"அப்பம் மேடையில அப்படிப் பேசுனீய?"

"பேசுனேன்." சங்கிலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பேச்சு பேச்சாப் போச்சு. புள்ளையள் கஞ்சி குடிச்சுதுல்லா?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை என்ன சொல்லப் போறீய?"

"தெரியல மலரு." கை முழுக்கக் கறுப்பு எண்ணெய். "பொய் சொன்னேன்னு சொல்லிட்டா ஐயராயிரலாம். நல்ல வேடிக்கை."

ஆகஸ்ட் 25, சனி

சமாதானம் ஆகிவிட்டது. கழித்த பீடியை இனி பெண்கள் கண் முன்னால் ஒடித்துப் போட ஜெபசிங் அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். தெருவெல்லாம் மறுபடி இலை வெட்டுகிற சத்தம். தாயம்மாள் வந்து ஒரு பை அரிசி வைத்துவிட்டுப் போனாள். திருப்பித் தருகிறாளாம்.

நாளைக்கு என்ன செய்வது? இவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் இருந்தபடி இருக்கும். வீடு, வேலை, படிப்பு, அங்கி. இவரை அங்கியில் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை. ஆண்டவரே, இவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஜெபித்தேன். பிறகு சொல்லிவிடக் கூடாது என்றும் ஜெபித்தேன்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

கமிட்டி முன்னால் இவர் நின்றார். ஐயர் மெதுவாகக் கேட்டார். இவர் வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார். அந்தப் பொய்யைச் சொல்லிவிடுவார் என்று தெரிந்தது. அந்தப் பார்வையில் பயம் இருந்தது. எனக்காகப் பட்ட பயம். உண்மையைச் சொன்னால் பொய் சொன்னவள் நானாகிவிடுவேன் இல்லையா.

நான் எழுந்துவிட்டேன். "ஐயா, அவர் அன்னைக்குச் சொன்னது உண்மை. மேலத் தெருவுக்குக் குடுத்தது அவர்தான். நம்ம வீடுகளுக்குக் குடுத்தது நான். அவர் பொய் சொன்னார்னு நான் சொன்னதுதான் பொய்."

"ரெண்டு பேருமா?" என்றார் ஐயர். "ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமலா? ஒரே வீட்டில் இருந்துகொண்டு?"

"ஆமா ஐயா."

"இதைச் சொன்னால் பெயரை எடுக்கணும் டீச்சர். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான்" என்றேன். ஜெபசிங் அண்ணாச்சி இந்த முறை சிரிக்கவில்லை.

பெயரை எடுத்துவிட்டார்கள். வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். என் வேலையைப் பற்றிப் பிறகு சொல்வார்களாம். மேலத் தெருவில் ஒரு ஓட்டு வீடு காலியாக இருப்பதாக மாடத்தி சொல்லி அனுப்பினாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இவர் கனவை என் வாயாலேயே முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டினோம். இவர் கயிறு பிடிக்க, நான் முடிச்சுப் போட்டேன். எப்படியும் கேட்பார் என்று தெரியும்.

"நான் பொய் சொன்னேன்னு எப்படி மலரு நெனச்ச?"

"எனக்காகச் சொல்லுதீயன்னு நெனச்சேன்" என்றேன். "அதுல எனக்குச் சந்தோசமா இருந்துச்சு."

இவர் கயிற்றை விடவில்லை.

"இன்னைக்கு உனக்காகப் பொய் சொல்லத்தான் போனேன்" என்றார். "நீதான் விடல."